போரில் மாண்டோர் கல்லும் நமது கல்லறைத் தோட்டமும்

(ஜூபிலி விழாவையொட்டி, ஆத்துமாக்கள் மாதத்தில் பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலிக்காக நமது கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்தபோது நாம் செய்த தவறு ஒன்றை முதலில் ஒப்புக்கொள்வோம். எழுத்துத் தேய்ந்த பழைய கல்லொன்றைப் பெயர்த்துக் குழாயடியில் போட்டோம். கை கால் கழுவ வசதியாயிற்று என்று மகிழ்ந்தோம். வயதான ஒரு தாயார்தான், "அதுக்குக் கீழே யாரோ படுத்திருந்தாங்களேப்பா" என்றார். நம்மில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிக்குத் தொழிற்சாலை வேலை தேடி வந்து குடியேறியவர்கள் நம்மில் பலர். இங்கு அடக்கமானவர்கள் நமக்கு உறவல்ல. எனவே கல்லை அகற்றுவது எளிதாகிவிடுகிறது. ஆனால் நாம் குடிவந்த இம்மண்ணோ, மாண்டவருக்குக் கல் நாட்டுவதில் பெயர்பெற்ற மண். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நடுகற்கள் ஏராளம். கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போராடி விழுந்த வீரனின் உருவத்தைச் செதுக்கி, எந்த அரசன் காலத்தில், யாருடைய சேவகன், எப்படிப் 'பட்டான்' என்று எழுதி வைத்தார்கள். அரசன் பெயரோடு மாடு மீட்டவன் பெயரும் நின்றது.

பிற்காலத்திலும் இங்கே இரத்தம் சிந்தப்பட்டது. 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கி, மலையேற முடியாமல் திரும்பியது. 1792 உடன்படிக்கையால் பாராமகால் கும்பெனியார் கைக்குச் சென்றது. இவற்றின் தொடர்ச்சியை வேலூரில் காணலாம்.

வேலூர்க் கோட்டையில் திப்பு சுல்தானின் மக்கள் வைக்கப்பட்டிருந்தனர். சிப்பாய்கள் நெற்றிக் குறி இடலாகாது, கடுக்கன் அணியலாகாது, புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அத்தொப்பியை அணிந்தால் தங்களைக் கிறிஸ்தவர்களாக்கிவிடுவார்கள் என்று அவர்கள் அஞ்சினர். வேதத்தின் பெயர் பயமுறுத்தும் பொருளாகிவிட்டதே என்று நாம் வருந்த வேண்டிய இடம் இது. 1806 ஜூலை 10 விடியுமுன் கலகம் மூண்டது. 69ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையுடன் விரைந்து வந்தார். அன்றே நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். பின்னர் விசாரணை நடத்திச் சிலரைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டனர்.

மாண்ட வெள்ளையருக்குக் கோட்டையை அடுத்த பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் நினைவுச் சின்னம் உண்டு. மாண்ட நம் சிப்பாய்களுக்கோ, 1998இல்தான் வேலூரில் நினைவுத் தூண் எழுந்தது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் அவர்கள் கல்லில்லாமல் காத்திருந்தார்கள்! இதைக் கேட்டதும், "அப்படியானால் வெள்ளையன் கல்லை ஏன் காக்க வேண்டும்?" என்று நம் இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கல்லை இடித்தால் மற்றவனுக்குப் பெயர் கிடைத்துவிடாது. இரண்டும் நின்றால்தான் நடந்தது முழுவதும் விளங்கும். மேலும், அங்கே கிடப்பவர்களும் கூலிக்காகக் கடல் கடந்து வந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் அல்லவா?

மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். போரில் மாண்ட வீரர்களின் உடைக்குள் வேற்றுத் தெய்வங்களின் தாயத்துகள் இருந்தன. அது தவறு என்று யூதாவுக்குத் தெரியும். தெரிந்தும் காணிக்கை திரட்டி, அவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார். குற்றமற்றவருக்கு மட்டும் ஜெபம் என்றிருந்தால் நவம்பர் மாதம் நமக்கு எதற்கு?

கல்லைக் காப்பது பெரிய செலவுள்ள காரியமன்று; கவனம்தான் வேண்டும். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல கல்லறைத் தோட்டங்களில் இருந்த இரண்டாம் உலகப்போர் வீரர்களின் கல்லறைகளை நிரந்தரமாகப் பராமரிக்க உறுதியில்லை என்றுதான், 1952இல் சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் அமைத்து அங்கே மாற்றினார்கள். நம் நாட்டிலும் 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் பழஞ்சின்னங்களைக் காக்கின்றன. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாதென 2010இல் சட்டம் இறுக்கப்பட்டது. ஆனால் பட்டியலில் சேராத கல்லுக்கு, பக்கத்தில் வாழும் மக்களே பாதுகாப்பு.

ஆகவே சில காரியங்களை முடிவு செய்வோம். பழைய கல்லின் மேல் சிமெண்டு பூச வேண்டாம். ஆசிட் ஊற்றித் தேய்க்க வேண்டாம். எழுத்தின்மேல் பெயிண்ட் அடிக்க வேண்டாம். ஒவ்வொரு கல்லையும் படமெடுத்து, பங்கின் இறந்தோர் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பட்டியல் எழுதுவோம். கல் தேய்ந்தாலும் பதிவேட்டில் பெயர் இருக்கக்கூடும். ஏரிக்கரையிலோ மனைப் பிரிவிலோ நடுகல்லைக் கண்டால், புல்டோசர் வருமுன் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்போம். அது நம் கோயிலைச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டாம்.

குழாயடியில் கிடக்கும் அந்தக் கல்லை வரும் ஞாயிறு பூசைக்குப்பின் எல்லோரும் சேர்ந்து தூக்குவோம். அது இருந்த இடத்தை அந்தத் தாயார் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். பெயர் தெரியாவிட்டாலும் ஒரு மெழுகுதிரி ஏற்றி, நித்திய இளைப்பாற்றிக்காக ஜெபிப்போம். நமது ஜூபிலியின் முதல் நற்செயல் அதுவாக இருக்கட்டும்.