படத்துல இருக்கறவங்களுக்கும் அந்தப் பக்கம் திறக்கணும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணு. "போட்டோ எடுக்கறேன், இன்ஸ்டாகிராம்ல போடறேன். எனக்குன்னு தனியா ஒரு வெப்சைட் வேணுமா? வேணும்னா எப்படி ஆரம்பிக்கறது?" இன்னிக்கு அதைப் பத்திதான். டெம்ப்ளேட் எது நல்லது, ஹோஸ்டிங் எது சீப்புன்னு மட்டும் சொல்லிட்டுப் போகப் போறதில்லை. அதுக்கு வீடியோ ஆயிரம் இருக்கு. நான் பண்ண ரெண்டு பெரிய தப்பைச் சொல்றேன். ரெண்டாவது தப்பு கொஞ்சம் சீரியஸ்.

எங்க ஊர் நாட்றாம்பாளையம். ஓசூர்லேருந்து தேன்கனிக்கோட்டை, அங்கேருந்து அஞ்செட்டி, அதைத் தாண்டி ஒகேனக்கல் போற ரோட்ல காட்டுக்கு நடுவுல வரும். காவிரிக்கு அந்தப் பக்கம் கர்நாடகா. இந்தப் பக்கம் 2014-ல அறிவிச்ச காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், 2022-ல அறிவிச்ச காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம். ரெண்டும் சேர்ந்தா கிட்டத்தட்ட 1,190 சதுர கிலோமீட்டர். யானை, சிறுத்தை, நீர்நாய், நட்சத்திர ஆமைன்னு எல்லாம் இருக்கற காடு. கேமரா கையில இருக்கறவனுக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. ஆனா நான் வாரத்துல அஞ்சு நாள் எலக்ட்ரானிக் சிட்டில உக்காந்து கோட் எழுதறேன். சனி ஞாயிறுதான் போட்டோகிராஃபர்.

மூணு வருஷத்துப் படங்கள் ஹார்ட் டிஸ்க்ல கிடந்துச்சு. ஒரு லாங் வீக்கெண்ட்ல முடிவு பண்ணி, ஹ்யூகோன்னு ஒரு ஸ்டேடிக் சைட் ஜெனரேட்டர் எடுத்து சைட் கட்டிட்டேன். டேட்டாபேஸ் கிடையாது, ப்ளகின் கிடையாது. கிட்ஹப் பேஜஸ்ல ஓசியிலேயே ஹோஸ்டிங். டொமைன் பேருக்கு மட்டும் வருஷா வருஷம் காசு. பெங்களூர் ரூம்ல ஃபைபர் இண்டர்நெட்ல திறந்து பார்த்தா அட்டகாசம். முகப்புல பாட்டி களத்துல உக்காந்து முறத்துல ராகி புடைக்கற படம். கீழே இன்னும் 13 படம்.

லிங்க்கை ஊர்ல இருக்கற தம்பிக்கு வாட்ஸப்ல அனுப்பினேன். "பாட்டிகிட்ட காட்டுடா." பத்து நிமிஷம் கழிச்சு பதில் வந்துச்சு. "அண்ணா, வெள்ளையாவே இருக்கு."

நான் என்ன பண்ணிருக்கணும்? போனைப் போட்டு என்னன்னு கேட்டிருக்கணும். நான் பண்ணது, "நெட்வொர்க் பிரச்னைடா, வீட்டுக்கு வெளியே வந்து பாரு"ன்னு மெசேஜ். இன்ஜினீயர் புத்தி. நம்ம கோட்ல தப்பு இருக்காது, உலகத்துலதான் தப்பு இருக்கும்.

அடுத்த வாரம் ஊருக்குப் போய் அவன் போன்லயே பார்த்தேன். அப்பதான் கணக்கு போட்டேன். கேமராலேருந்து வந்த ஜேபெக் ஃபைலை அப்படியே ஏத்திருந்தேன். ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஏழு எம்பி. முகப்புப் பக்கம் மொத்தம் 96 எம்பி. எங்க வீட்டு மூலையில ஒரு எம்பிபிஎஸ் வேகம் கிடைச்சாலே பெரிசு. அந்த வேகத்துல 96 எம்பி இறங்க கிட்டத்தட்ட 13 நிமிஷம். பாட்டி 13 நிமிஷத்துல ஒரு படி ராகியைப் புடைச்சு முடிச்சிருவாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்தத் தரம் யாருக்குமே தெரியப் போறதில்லை. படம் 6000 பிக்சல் அகலம். தம்பி போன் திரை ஆயிரத்துச் சொச்சம் பிக்சல்தான். அஞ்சு பங்கு அகலத்தை இறக்கி, சுருக்கித்தான் காட்டுது.

சரி பண்றது கஷ்டமே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் மூணு அளவு வச்சேன்: 600, 1200, 1600 பிக்சல். ஹெச்டிஎம்எல்ல எஸ்ஆர்சிசெட்னு ஒரு அட்ரிபியூட் இருக்கு. அதுல மூணையும் குடுத்துட்டா, எது தேவையோ அதை பிரவுசரே எடுத்துக்கும். ஜேபெக்குக்குப் பதிலா வெப்பி. கூகுள் 2010-லயே அதைக் கொண்டு வந்துருச்சு, 2020-ல சஃபாரியும் ஏத்துக்கிட்டதுக்கு அப்புறம் தயங்க வேண்டியதில்லை. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, சைஸ் நல்லா குறையும். மூணாவது, லேசி லோடிங். கீழே இருக்கற படம், விரல் அங்க போகும்போதுதான் இறங்கும். நாலாவது, ஒவ்வொரு படத்துக்கும் அகலம் உயரம் எழுதி வைங்க. இல்லைன்னா படம் வர வர எழுத்து கீழே குதிச்சுக்கிட்டே இருக்கும், படிக்கறவன் கடுப்பாயிருவான்.

இப்ப முதல் திரைக்கு வேண்டிய மூணு படமும் சேர்ந்து 180 கேபிதான். அதே மூலையில ஒண்ணரை செகண்டு. இதுலேருந்து நான் எடுத்துக்கிட்ட விதி ஒண்ணுதான்: படத்துல இருக்கறவங்களுக்கு அந்தப் பக்கம் திறக்கலைன்னா, சைட் இன்னும் முடியலைன்னு அர்த்தம். பெங்களூர்ல எனக்குத் திறக்குதுங்கறது கணக்கே இல்லை.

இப்ப ரெண்டாவது தப்பு.

ஒரு மழைக்கு அப்புறம் பெரியப்பா கொல்லை ஓரத்துல நட்சத்திர ஆமை ஒண்ணைப் பார்த்தேன். கேமரா எடுக்கப் போனா ஓடிருமேன்னு (ஆமைதான், இருந்தாலும்) போன்லயே எடுத்தேன். அழகான படம். பதிவுல ஊர் பேரைக்கூட எழுதலை. "எங்க பக்கத்துக் காட்டு ஓரம்"னு மட்டும் போட்டேன். இந்த ஆமையைக் கடத்தி விக்கறது பெரிய வியாபாரம். வளர்ப்புப் பிராணியா வெளிநாட்டுக்குப் போகுது. அதனாலயே 2019-ல சைட்டிஸ் ஒப்பந்தத்தோட முதல் பட்டியலுக்கு, அதாவது சர்வதேச வணிகத்துக்குத் தடை இருக்கற பட்டியலுக்கு, இதை மாத்தினாங்க. அது எனக்குத் தெரியும். அதனாலதான் பேர் போடலை. ரொம்ப ஜாக்கிரதையா இருக்கறதா நெனப்பு.

ஒரு மாசம் கழிச்சு முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்டேருந்து மெயில். காட்டுயிர் ஆய்வு பண்றவர். ரெண்டே வரி. "நீங்க இடம் எழுதலை. ஆனா படத்துலயே இருக்கு." கூடவே ஒரு மேப் ஸ்கிரீன்ஷாட். பெரியப்பா கொல்லை. வேலிக்கு இந்தப் பக்கம், புளிய மரத்துக்குக் கீழே. பின் குத்திருந்துச்சு.

வயித்தைக் கலக்கிருச்சு.

நடந்தது இதுதான். போன்ல எடுக்கற ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எக்ஸிஃப்னு ஒரு தகவல் பொட்டலம் இருக்கும். எந்த போன், எத்தனை மணி, ஷட்டர் ஸ்பீடு என்ன, லொகேஷன் ஆன்ல இருந்தா அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம். சில மீட்டர் துல்லியத்துக்கு இடத்தைச் சொல்லிரும். இன்ஸ்டாகிராம்ல போடும்போதும், வாட்ஸப்ல போட்டோவா அனுப்பும்போதும் பார்க்கறவங்களுக்கு இது போகாது, அவங்க உருவிடறாங்க. (வாட்ஸப்ல டாக்குமெண்ட்டா அனுப்பினா அப்படியே போகும், ஞாபகம் வச்சுக்கோங்க.) சொந்த சைட்ல நமக்கும் வாசகருக்கும் நடுவுல யாரும் இல்லை. சுதந்திரம்னு நாம சொல்றது இதைத்தான். ஆனா நாம மறந்ததை எடுத்துவிட ஆளும் இல்லை.

நான் படங்களைச் சின்னதாக்கினேன் இல்லையா, அதுல எக்ஸிஃப் போயிருந்துச்சு. ஆனா "முழு அளவு பார்க்க"ன்னு ஒரு லிங்க் பெருமைக்கு வச்சிருந்தேன். அது ஒரிஜினல் ஃபைலுக்குப் போச்சு. மாட்டுக் கொட்டகையைப் பூட்டிட்டு வேலியைத் திறந்து விட்ட கதை.

இந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லை. காண்டாமிருகப் படத்துல இருக்கற இடக்குறிப்பு வேட்டைக்காரங்களுக்கு வழி காட்டுது, ஜியோடேக் அணைச்சு வைங்கன்னு கேக்கற தென்னாப்பிரிக்க அறிவிப்புப் பலகை ஒண்ணு 2014-ல உலகம் பூரா சுத்துச்சு. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி தளங்கள் அழியற நிலையில இருக்கற உயிரினம்னா சரியான இடத்தைக் காட்டாம, பெரிய சதுரமா மங்கலாக்கித்தான் காட்டும். பெரிய தளங்கள்ல இதை யோசிக்க ஆளுங்க இருக்காங்க. சொந்த சைட்ல அந்த ஆள் நாமதான்.

உடனே ஆமைப் படத்தை எடுத்துட்டேன். முடிஞ்சுதா? இல்லை. என்னோட கிட் ரெப்போ பப்ளிக். ஃபைலை டெலீட் பண்ணி கமிட் போட்டா இன்னிக்கு இருக்கற பதிப்புலேருந்துதான் போகும், பழைய கமிட்ல உக்காந்திருக்கும். தினமும் ஆபீஸ்ல கிட் பயன்படுத்தறவன், இது எனக்கு அன்னிக்கு ராத்திரி பதினொரு மணிக்குத்தான் உறைச்சது. மொத்த ரெப்போவையும் அழிச்சு, சுத்தம் பண்ண படங்களோட புதுசா ஆரம்பிச்சேன். கூடவே மத்த படங்களையும் சோதிச்சா, போன்ல எடுத்த 40-க்கும் மேல படத்துல லொகேஷன் இருந்துச்சு. அதுல எங்க வீட்டு வாசலும் ஒண்ணு. ராகி அறுவடை சமயத்துல யானை வராம இருக்க ராத்திரி காவல் இருக்கற பரணும் ஒண்ணு.

நீங்க பண்ண வேண்டியது இதுதான். எக்ஸிஃப்டூல்னு ஓர் இலவசக் கருவி இருக்கு. ஒரே கட்டளையில ஃபோல்டர்ல இருக்கற எல்லாப் படத்துலயும் ஜிபிஎஸ் தகவலை எடுத்துரும். ஒரு எச்சரிக்கை: ஆர்வத்துல மொத்த மெட்டாடேட்டாவையும் அழிச்சீங்கன்னா, படம் எந்தப் பக்கம் நிமிர்ந்து நிக்கணும்ங்கற குறிப்பும் போயிரும். செங்குத்தா எடுத்த படம் படுத்துக்கும். கலர் ப்ரொஃபைலும் போறதால நிறம் வெளிறலாம். முதல்ல படத்தைச் சரியா திருப்பி, எஸ்ஆர்ஜிபிக்கு மாத்திட்டு, அப்புறம் அழிங்க. நான் இதை சைட் பில்டுலயே சேர்த்துட்டேன். ஜிபிஎஸ் இருக்கற படம் ஒண்ணு உள்ள வந்தாலும் பில்டு ஃபெயில் ஆகும். என்னை நம்பறதை நிறுத்திட்டேன், ஸ்கிரிப்டை நம்பறேன்.

"அப்ப இடமே எழுதக் கூடாதா?" எழுதலாம், எழுதணும். கென்னத் ஆண்டர்சன் ஜவளகிரி, அஞ்செட்டி, எங்க ஊர் எல்லாத்தையும் பேர் சொல்லித்தான் எழுதினார். இன்னிக்கும் அந்தப் புத்தகங்களை வச்சுக்கிட்டு அந்த இடங்களைத் தேடி வர்றவங்க இருக்காங்க. ஊர் பேரைச் சொல்றது வேற. ஆமை இருக்கற புளிய மரத்தைச் சொல்றது வேற.

ஊர் பேர்னதும் இன்னொரு விஷயம். நாட்றாம்பாளையம்னு தேடினா திருப்பத்தூர் மாவட்டத்து நாட்றம்பள்ளி வந்து நிக்கும். எங்க ஊரையே நாட்றாம்பாளையம், நாட்ராபாளையம்னு பல மாதிரி எழுதறாங்க. அதனால ஒவ்வொரு பதிவுலயும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைன்னு பக்கத்து ஊரையும் சேர்த்து எழுதறேன். படத்தோட மாற்று உரையையும் தமிழ்ல எழுதறேன். பார்வையில்லாதவங்க ஸ்கிரீன் ரீடர்ல கேக்கறது அதைத்தான், தேடுபொறி படிக்கறதும் அதைத்தான். ஆனா பக்கத்தோட முகவரியில தமிழ் வைக்கலை. நாட்றாம்பாளையம்ங்கறதை வாட்ஸப்ல ஒட்டினா சதவீதக் குறியும் எண்ணுமா 135 எழுத்து வரும். எண்ணிப் பார்த்தேன்.

கடைசியா, இவ்வளவு பாடு பட்டு ஏன் சொந்த சைட்? 2009-ல யாஹூ ஜியோசிட்டிஸ் போச்சு. 2016-ல பிகாசா மூடினாங்க. 2017-ல போட்டோபக்கெட், மத்த தளங்கள்ல படம் காட்டணும்னா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 400 டாலர்னு சொல்லிருச்சு. அடுத்த வருஷமே ஃப்ளிக்கர், ஓசிக் கணக்குல 1000 படத்துக்கு மேல வைக்க முடியாதுன்னு அறிவிச்சாங்க. 2007-லயே "தமிழில் புகைப்படக்கலை"ன்னு ஒரு கூட்டு வலைப்பதிவு ஆரம்பிச்சு, மாசா மாசம் போட்டி வச்சு, அப்பர்ச்சர்லேருந்து எல்லாத்தையும் தமிழ்ல சொல்லிக் குடுத்தாங்க. அந்தத் தலைமுறையோட எத்தனையோ வலைப்பதிவுகள்ல எழுத்து இருக்கு, படம் இருந்த இடத்துல உடைஞ்ச கட்டம் இருக்கு. அதனால என் ஒரிஜினல் படங்கள் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல, ஒண்ணு பெங்களூர்ல, ஒண்ணு ஊர்ல. சைட் நாளைக்கு வேற எங்கயாவது மாறினாலும் ஃபோல்டரைத் தூக்கிட்டுப் போயிருவேன்.

சரி, பாட்டி என்ன சொன்னாங்கன்னு சொல்லாம முடிக்கக் கூடாது. திருத்தின சைட்டைத் தம்பி போன்ல காட்டினேன். ஒண்ணரை செகண்டு, படம் வந்துருச்சு. பாட்டி விரலால பெருசாக்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "ஏன்டா, முறத்துல கல்லும் தூசியும் அப்படியே தெரியுதே. பாதியில எடுத்திருக்கே. ஊர்ல பார்க்கறவங்க இவளுக்குப் புடைக்கவே தெரியலைன்னு சொல்ல மாட்டாங்க?"

எனக்கு அந்தத் தூசி பறக்கறதுதான் படமே. ஒளி அதுலதான் இருக்கு. ஒரு நிமிஷம் வாதாடலாம்னு தோணுச்சு. அப்புறம் யோசிச்சேன், இது அவங்க முறம், அவங்க முகம். அந்தப் படத்தைப் போடறதுக்கு முன்னாடி நான் அவங்களைக் கேக்கவே இல்லை. அன்னிக்கு மதியமே களத்துல உக்காந்து, புடைச்சு முடிச்ச ராகியோட அவங்க சொன்ன மாதிரி ஒரு படம் எடுத்தேன். முகப்புல இப்ப அதுதான் இருக்கு. ஒளி கொஞ்சம் தட்டையா இருக்கும், பொறுத்துக்கோங்க.

உங்க சைட்ல இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. ஏதாவது ஒரு படத்தை டவுன்லோடு பண்ணி, அதுல லொகேஷன் இருக்கான்னு பாருங்க. இருந்துச்சுன்னா எனக்கு எழுதுங்க, தனியா இல்லைன்னு நானும் ஆறுதல் பட்டுக்கறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.