பித்தளைக் கருவியில் பிறந்த கமகம்



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதை பற்றிப் பேசப் பணித்தீர்கள். நான் சாக்சபோன் மேதை கத்ரி கோபால்நாத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கவிஞர்க்கு வேண்டிய பாடம் ஒன்று அவர் வாழ்வில் உண்டு.

பெல்ஜிய நாட்டு அடால்ப் சாக்ஸ், 1846ஆம் ஆண்டு பாரிசில் காப்புரிமை பெற்ற கருவி அது. படைவாத்தியக் குழுக்களில் ஒலித்து, பின்னர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையில் தனிக்குரல் பெற்றது. மங்களூர்ப் பகுதியில், நாகசுரக் கலைஞரின் மகனாக 1949இல் பிறந்த கோபால்நாத், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் அதைக் கேட்டு மனம் பறிகொடுத்தார். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார்.

நாகசுரத்தில் விரல் துளையை நேரே தொடுகிறது. பாதி மூடலாம், மெல்லத் திறக்கலாம். சுரங்கள் ஒன்றோடொன்று இழைகின்றன. சாக்சபோனிலோ விரலுக்கும் துளைக்கும் இடையே மூடிகள் நிற்கின்றன. சுரங்கள் படிப்படியாகவே கிடைக்கின்றன. கமகம் இன்றித் தோடி ஏது? உதட்டாலும் மூச்சாலும் அக்குறையை அவர் வென்றார்; கருவியிலும் தமக்கேற்ற மாற்றங்கள் செய்துகொண்டார். ஒரு கருவி கைக்கு வசப்பட எத்தனை காலமாகும் என்பதை, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் இரும்போடு பழகிய நம்மவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹேண்டி அவர் வாசிப்பில் வியந்து உடன் வாசித்தார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிபிசி இசைவிழா மேடை; அதே ஆண்டில் 'டூயட்' திரைப்படத்தால் அவர் ஊதிய இசை தமிழகத்தின் இல்லந்தோறும் ஒலித்தது. 2004இல் பத்மஸ்ரீ விருது. 2019இல் மறைந்தார்.

ஜாஸ் கலைஞரோடு மேடையில் நின்றபோதும் அவர் ராகத்தைக் கைவிடவில்லை. ஹேண்டியிடம் கொடுக்க அவரிடம் சொந்தமாக ஒன்று இருந்தது. அது தந்தையின் நாகசுரத்திலிருந்து செவிவழி வந்த செல்வம்.

நாமும் புதுக்கவிதையை மேற்கிலிருந்தும் ஐக்கூவைச் சப்பானிலிருந்தும் பெற்றோம். வடிவம் எங்கிருந்தும் வரலாம், அதில் தவறில்லை. ஆனால் மூன்று வரிகளை அடுக்குவது படிப்படியான சுரம் மட்டுமே. தமிழின் இழைவு அதில் தானாக வந்துவிடாது. குறுந்தொகையைச் செவியில் ஏற்றாதவர் ஐக்கூவுக்கு எதைக் கொண்டு கமகம் சேர்ப்பார்?

அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்தின் இளங்கவிஞர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் தம் கவிதைக்கு முன்னர் ஒரு சங்கப் பாடலை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். முதலில் செவி நிறையட்டும். கருவி பிறகு வசப்படும்.