மது தொடாத வீட்டில் ஈரல் நோய்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





என்னை ‘ஈரல் டொக்டர்’ என்று அறிமுகப்படுத்தினார்கள். என் கதையைச் சொல்லச் சொன்னார்கள். அதைவிட, இந்தத் துறைக்கே வழி திறந்த ஒரு பெண்ணின் கதை பெரிது.

ஷீலா ஷெர்லொக் 1918இல் டப்ளினில் பிறந்தவர். இங்கிலாந்தில் நம்மைப் போலவே ஒரு பெண்கள் பாடசாலையில் படித்தவர். பெண் என்பதால் பல மருத்துவக் கல்லூரிகள் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. 1936இல் எடின்பரோ கொடுத்தது. 1941இல் அங்கே முதல் மாணவியாக வெளியேறினார். ஈரலுக்கென்று தனி மருத்துவத் துறை இல்லாத காலம் அது. விலாவுக்கிடையே ஊசி செலுத்தி, ஈரலிலிருந்து நூலளவு சதை எடுத்துப் பார்க்கும் முறையை அவர் துணிந்து பயன்படுத்தினார். 1955இல் வந்த அவருடைய பாடநூல் உலகமெங்கும் ஈரல் மருத்துவர்களுக்குக் கைநூலானது. 1959இல் லண்டன் ரோயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் மருத்துவப் பேராசிரியரானார். பிரித்தானியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

நடுவயதுப் பெண்களுக்கே அதிகம் வரும் ஓர் ஈரல் நோய் உண்டு. முதலில் உடம்பெல்லாம் அரிப்பு, பிறகு கண் மஞ்சளாகும். அதை இரத்தப் பரிசோதனையில் கண்டுகொள்ளும் வழியை 1965இல் டெபோரா டோனியாக் முதலியோருடன் சேர்ந்து அவர் காட்டினார். குடிக்கும் மதுவுக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னிடம் வரும் நம்மூர்ப் பெண்கள் ஸ்கேன் அறிக்கையைக் கைப்பைக்குள் மடித்து வைத்திருப்பார்கள். “டொக்டர், சிரோசிஸ் என்று துண்டில் எழுதாதீங்க, சம்பந்தி வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பாங்க?” என்று கேட்டவர்கள் உண்டு. மதுவைக் கண்ணாலும் காணாதவர்கள்! அந்த வெட்கத்தில் கிளினிக்குக்கு வராமல் விட்டு, வயிற்றில் நீர் கட்டிய பிறகு வந்தவர்களும் உண்டு.

ராகமையில் 35 முதல் 64 வயது வரையானவர்களைப் பரிசோதித்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மதுவால் வராத கொழுப்பீரல் இருந்தது. நீரிழிவும் வயிற்றுப் பருமனும் இருந்தால் போதும். பெயரிலேயே மதுசாரம் என்ற சொல் இருப்பது நோயாளிக்குத் தலைகுனிவு என்று 2023இல் உலக ஈரல் மருத்துவர்கள் அந்தப் பெயரையே மாற்றினார்கள்.

என் உம்மாவுக்கு இருபது வருட நீரிழிவு. ஊராரின் ஈரலையெல்லாம் பார்த்த நான், உம்மாவுடையதைப் பார்க்கப் பிந்திவிட்டேன். ஈரல் பாதிக்குமேல் கெட்டும் வலிக்காது, அதுதான் அதன் குணம்.

கொழுப்பு மட்டுமே படிந்திருக்கும் கட்டத்தில் திரும்பலாம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் ஈரல் தேறுவதைக் கண்டிருக்கிறோம். இன்றைய வட்டிலப்பத்தை நான் தடுக்கவில்லை, ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பழைய விஞ்ஞான கூடத்தில் இருப்பேன். நீரிழிவு உள்ளவர்கள், அறிக்கையை மடித்து வைத்திருப்பவர்கள், எல்லோரும் வாருங்கள். கதவைச் சாத்தியே பேசுவோம்.