நுரையீரலில் எவ்வளவு வெட்டுவது

ஆரம்பநிலை நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவைதான் முதன்மைச் சிகிச்சை. எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் நெடுங்கால வாதம். 1933இல் செயின்ட் லூயிஸில் எவார்ட்ஸ் கிரகாம் ஒரு பக்க நுரையீரலையே முழுதாக எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். பின்னர் கட்டியிருக்கும் மடலை மட்டும் எடுக்கும் லோபெக்டமி வழக்கமானது. ஒவ்வொரு மடலும், தனி மூச்சுக்குழலும் தமனியும் கொண்ட சில கூறுகளாகப் பிரிந்திருக்கிறது. கட்டியுள்ள கூறை மட்டும் எடுப்பது செக்மென்டெக்டமி. கூறின் எல்லை பாராமல் கட்டியை ஆப்புபோல வெட்டியெடுப்பது வெட்ஜ். இங்கே பேசப்படுவது இவ்விரண்டும்தான்.

1995இல் ஜின்ஸ்பர்க்கும் ரூபின்ஸ்டைனும் வெளியிட்ட ஆய்வு இவற்றுக்குத் தடை போட்டது. 3 செ.மீ. வரையுள்ள கட்டிகளில், குறைத்து வெட்டியபோது அதே இடத்தில் நோய் திரும்புவது மூன்று மடங்கானது. இந்தத் தீர்ப்பு கால் நூற்றாண்டுக்கு மேல் நின்றது.

2022இல் லான்செட் இதழில் வந்த ஜப்பானிய ஆய்வு அதை அசைத்தது. 2 செ.மீ.க்கு மேற்படாத, நுரையீரலின் வெளிப்புறத்தில் அமைந்த கட்டியுள்ள 1,106 பேரில், செக்மென்டெக்டமி பெற்றவர்களில் 94.3 விழுக்காட்டினரும் லோபெக்டமி பெற்றவர்களில் 91.1 விழுக்காட்டினரும் ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தனர். ஆனால் அதே பகுதியில் நோய் திரும்பியது முதல் பிரிவில் 10.5, இரண்டாவதில் 5.4 விழுக்காடு. மறு ஆண்டு 697 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வின் முடிவு வந்தது. அதில் குறைத்து வெட்டப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வெட்ஜ்தான். அங்கும் குறைத்து வெட்டியது லோபெக்டமிக்குப் பின்தங்கவில்லை.

ஏலத்தோட்டச் சரிவில் ஏறி இறங்குகிறவருக்கு மூச்சு மிச்சமாகும் என்று சொல்லிவிடுவது எளிது. கணக்கு அவ்வளவு தாராளமாக இல்லை. ஜப்பானிய ஆய்வில் ஓராண்டுக்குப் பின் மூச்சுத்திறனில் இருந்த வேறுபாடு 3.5 விழுக்காடே. காசநோயாலோ பீடியாலோ ஏற்கெனவே நைந்த நுரையீரலுக்கு அதுவும் பெரிதுதான். பின்னாளில் இன்னொரு கட்டி வந்தால் வெட்ட இடம் மிஞ்சியிருப்பதும் ஓர் ஆதாயம்.

குறைத்து வெட்ட, கட்டி 2 செ.மீ.க்குள் இருப்பது மட்டும் போதாது. அது வெளிப்புறத்தில் இருக்க வேண்டும். வெட்டு விளிம்பு கட்டியிலிருந்து போதிய அளவு தள்ளி அமைய வேண்டும். நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லை என்று அறுவை மேசையிலேயே, திசுவை உறையவைத்து உடனே ஆராயும் ஃப்ரோசன் செக்ஷன் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அந்த வசதி இல்லாத அரங்கில் லோபெக்டமியே நேர்மையான தேர்வு.

கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு எல்லைப் பகுதிகளில் சிக்கல் அதற்கும் முன்பே தொடங்குகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் சிறு நிழல் காசநோய்த் தழும்பென்று கொள்ளப்பட, சளியில் கிருமி காணாமலே மாத்திரை தொடர்ந்தால் 2 செ.மீ. என்ற வரம்பு கடந்துபோகும். தேவிகுளம், உடும்பன்சோலைத் தமிழ்த் தொழிலாளர் தேனிக்கும் மதுரைக்கும் போகிறார்கள், பீர்மேட்டார் கோட்டயத்துக்கு, கொழிஞ்சாம்பாறையார் கோயம்புத்தூருக்கு. அறுவை ஒரு மாநிலத்திலும் பின்தொடர்தல் இன்னொன்றிலும் நடக்கக்கூடும். குறைத்து வெட்டினால் நோய் அதே இடத்தில் திரும்பும் வாய்ப்பு கூடுதலென்பதால், முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆறு மாதத்துக்கொரு முறையும் பின்னர் ஆண்டுதோறும் சி.டி. ஸ்கேன் தேவை. ஒருநாள் கூலியை இழந்து மலையிறங்க முடியாதவருக்கு இந்த ஏற்பாட்டை முன்பே செய்யாமல் செக்மென்டெக்டமியைத் தேர்வது பாதி வேலைதான்.

கணுவில் நோய் தென்பட்டால் அதே மேசையில் லோபெக்டமிக்கு மாற நேரும். அதற்கான ஒப்புதலையும் மயக்கம் கொடுக்குமுன்பே, நோயாளி தமிழர் என்றால் தமிழிலேயே விளக்கிப் பெற வேண்டும்.