நட்டத்தில் ஓடிய நல்ல கொம்பனி

'ருவென்ரி ஃபோர் அவர் பார்ட்டி பீப்பிள்', 2002இல் வந்த பகிடிப் படம். மன்செஸ்ரரில் ஃபக்ரறி ரெக்கோர்ட்ஸ் நடத்திய ரொனி வில்சனாக ஸ்ரீவ் கூகன் நடிக்கிறார்.

கணக்காளனான எனக்குத் தலை சுற்றியது. 'புளூ மண்டே' இசைத்தட்டின் உறைக்கே பெருஞ்செலவு. விற்க விற்க நட்டமாம். ஹசியெண்டா நடன விடுதியில் சனம் நிரம்பி வழியும். மாத்திரை போட்ட இளசுகளோ மதுவை விட்டுத் தண்ணீர் குடிக்கும். கல்லாப்பெட்டி காலி.

1992இல் கொம்பனி முறிகிறது. வாங்க வந்த லண்டன் ரெக்கோர்ட்ஸ்காரரிடம், தன் இரத்தத்தால் எழுதிய ஒப்பந்தத்தை வில்சன் காட்டுகிறார்: பாட்டெல்லாம் பாடினவர்களுக்கே சொந்தம். விற்க ஒன்றுமில்லை!

"நானென்றால் கையெழுத்து வைக்க விட்டிருக்கமாட்டன்" என்றேன்.

"அப்ப கடன்காரர் பாட்டையும் கொண்டுபோயிருப்பினம், அப்பா" என்றாள் மகள்.

ஐந்தொகையில் அதை எந்தப் பக்கம் எழுதுவது?

எல்லாம் உண்மையென்று நம்பவேண்டாம். தன்னைப் பற்றிய காட்சியிலேயே ஹவார்ட் டெவோட்டோ நேரில் தோன்றி, இப்படி நடந்ததாக ஞாபகமில்லை என்கிறார். கணக்காய்வாளர் குறிப்புப்போல!

பாடகர் இயன் கேட்டிஸ் 1980இல், 23 வயதில், உயிரை மாய்த்த பகுதி மனதை உலுக்கும். தூஷணமும் போதையும் தாராளம். சின்னப்பிள்ளைகள் படுத்தபிறகு பாருங்கள்.