ஓடையும் மைய நீரோட்டமும்



இன்று 'ஸ்ட்ரீம்' என்ற ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். நினைவுச் சொற்பொழிவில் சொல்லாராய்ச்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இந்தச் சொல்லை வைத்துத்தான் நமக்கு நெடுங்காலமாக அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் பேச வேண்டியிருக்கிறது.

ஸ்ட்ரீம் என்றால் ஓடை. கண்ணீர் தாரையாக வழிந்தாலும் அதே சொல்தான். உடம்பில் ஓடும் ரத்தம் 'பிளட்ஸ்ட்ரீம்'. கைப்பேசியில் படம் ஓடினால் 'ஸ்ட்ரீமிங்'. பள்ளியில் மதிப்பெண்ணைப் பார்த்துப் பிள்ளைகளைத் தனித்தனி வகுப்பாகப் பிரித்தாலும் அதற்கும் ஸ்ட்ரீம் என்றே பெயர். ஓடுவதைக் குறித்த சொல், ஆளைப் பிரிப்பதையும் குறிக்க வந்துவிட்டது.

அதன் முன்னால் 'மெயின்' சேர்த்தால் 'மெயின்ஸ்ட்ரீம்'. ஆற்றின் முதன்மையான நீர்ப்போக்கு என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் 'மைய நீரோட்டம்' என்கிறோம். பழங்குடிகளையும் நம்மையும் பார்த்து, "மைய நீரோட்டத்தில் கலந்துவிடுங்கள்" என்கிறார்கள். நாம் எழுதினால் அது தலித் இலக்கியம். அவர்கள் எழுதினால் வெறும் இலக்கியம்.

சரி, அந்த ஆற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மாஞ்சோலை மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் மணிமுத்தாறாகி, தாமிரபரணியில் சேர்கின்றன. ஓடைகள் வற்றினால் ஆறு மணல்தான்.

அதே மாஞ்சோலையில் தேயிலை பறித்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க வழியின்றி மக்கள் ஆற்றில் இறங்கினார்கள். ஒரு குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். மலை ஓடைகளைச் சேர்த்துக்கொண்ட ஆற்றங்கரையில், மலையிலிருந்து வந்த மனிதர்களுக்கு இடமில்லை.

தென்மாவட்டக் கண்மாய்களை எண்ணிப் பாருங்கள். பல ஊர்களில் மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சிய நீர்பாய்ச்சிகள் ஒடுக்கப்பட்ட சாதியினரே. எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்பது அவர்களுக்கு அத்துப்படி. நீரோட்டத்தை நடத்தியவர்கள் அவர்கள், வயல் வேறொருவருடையது. அவர்களிடம் போய் நீரோட்டத்தில் கலக்கச் சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

பாபாசாகேப் 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் கெஞ்சவில்லை. பொதுக் குளம், எங்களுக்கும் உரிமை உண்டு என்றார். சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு பத்தாண்டு நடந்தது. 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. சேர்வதற்கும் உரிமை கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். சேர்த்துக்கொள்பவர் நாளை வெளியே தள்ளலாம். உரிமையை அப்படித் தள்ள முடியாது.

மாணவ நண்பர்களே, கல்லூரியிலோ பத்திரிகை அலுவலகத்திலோ யாராவது உங்களை மைய நீரோட்டத்துக்கு அழைத்தால் கோபப்படாதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த ஆற்றில் ஓடும் தண்ணீர் யாருடையது? மடையைத் திறக்கவும் அடைக்கவும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? பதில் வரும்வரை உங்கள் ஓடையிலேயே நின்று எழுதுங்கள்.