கம்பங்களுக்கு நடுவே நின்ற தங்கராஜ்

எங்கள் எம். புதுப்பட்டிப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றிவிட்டால் அதுதான் பையன்களுக்கு விளையாட்டுத் திடல். பட்டாசு ஆலைக்குப் போகிற இளவட்டங்களும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பந்தோடு இறங்கிவிடுவார்கள். ஆள் பிரிக்கும்போது, வேகமாக ஓட முடியாத ஒருவனைப் பார்த்து, “நீ கோலி நில்லுடா” என்று தள்ளிவிடுவார்கள். அந்தப் பையனை மனதில் வைத்துத்தான் இன்றைக்கு இந்தியக் கால்பந்து அணியின் கோல்கீப்பராக இருந்த பீட்டர் தங்கராஜைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1935-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து நம் நீலகிரியின் வெலிங்டனுக்கு, மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்கு வந்தார். ஆரம்பத்தில் அவர் சென்டர் ஃபார்வர்டு, அதாவது கோல் போடுகிற ஆள். பிறகுதான் கோல்கீப்பர் ஆனார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற நீளக் கை. அந்த வெலிங்டன் அணி 1955-லும் 1958-லும் டியூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக் அணிகளில் தங்கராஜ் இருந்தார். கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது.

ஆனால் அவரைப் பற்றிப் பேசினால் 1962 செப்டம்பர் 4-ஐச் சொல்லாமல் விட முடியாது. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் இறுதிப் போட்டி, எதிரே தென் கொரியா. சுற்றிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போடுகிற கூட்டம். தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்ததால் முந்தைய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். இறுதி ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் ரஹீம் தங்கராஜையே இறக்கினார். சில நாள் ஆடாத ஒருவரை அப்படி நிறுத்த எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! பி. கே. பானர்ஜி ஒரு கோல். தலையில் தையல் போட்டுக்கொண்டு ஆடிய ஜர்னைல் சிங் இன்னொன்று. கொரியா கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பியது, அதற்கு மேல் முடியவில்லை. இரண்டுக்கு ஒன்று. தங்கம் நமக்கு. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியா தங்கம் வாங்கவே இல்லை.

1971-இல் ஆட்டத்தை நிறுத்தினார் தங்கராஜ். அடுத்து என்ன? ஆட்டத்தை விட்ட கோல்கீப்பர் எங்கே போகலாம் என்பதற்கு இத்தாலியின் கோல்கீப்பர் டினோ ஸாஃபைப் பாருங்கள். 1982-இல், நாற்பது வயதில், கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கியவர். பின்னால் யுவென்டஸின் மேலாளராகி 1990-இல் இரண்டு கோப்பைகள் வென்றார். 2000-இல் அவருடைய இத்தாலி அணி ஐரோப்பியக் கோப்பையின் இறுதிவரை வந்தது. மைதானம் முழுவதையும் முன்னால் வைத்துப் பார்க்கிறவர் கோல்கீப்பர்தான். யார் தன் இடத்தை விட்டு நகர்ந்தார், எங்கே ஓட்டை விழுந்தது என்று தொண்ணூறு நிமிடமும் கத்திக்கொண்டே இருப்பவரும் அவர்தான். அணியை நடத்த இதைவிடப் பெரிய படிப்பு என்ன இருக்கிறது? நம் நாடு தங்கராஜிடமிருந்து இன்னும் எவ்வளவோ வாங்கியிருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. அவர் கோல்கீப்பர்களைப் பழக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். எஃகு ஆலை இருக்கும் பொகாரோவில் தங்கி இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2008 நவம்பரில் அந்த ஊரிலேயே காலமானார்.

கோல்கீப்பருக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. எதிராளி பந்தோடு தனியாக வருகிறான். கோட்டிலேயே நின்றால் இரண்டு பக்கமும் வாசல் திறந்து கிடக்கும். நாலடி முன்னே வந்தால் அவன் கண்ணுக்கு வாசல் சுருங்கிவிடும். பத்தடி வந்துவிட்டால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவான். அந்த நாலடியை எப்போது எடுத்து வைப்பது என்பதைப் பழகித்தான் தெரிந்துகொள்ள முடியும். பக்கவாட்டில் விழுவதும் அப்படித்தான். முழங்கை ஊன்றாமல், தொடையும் தோளும் தரையில் படும்படி விழ வேண்டும்.

எங்கள் ஊர்க் கண்மாய்த் தரை வெயிலில் வெடித்துக் கிடக்கும். அதில் ஒருமுறை பாய்ந்தவன் மறுமுறை யோசிப்பான். அதனால் உடற்கல்வி ஆசிரியர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கோல் கம்பத்துக்கு முன்னால் கொஞ்சம் மணல் கொட்டிக்கொடுங்கள். மற்றவர்கள் ஓடிப் பழகும்போது கோலி நிற்கிற பையனுக்கென்று தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கூட்டத்தில் உயரமான பையன் இருந்தால் முதலில் அவனைக் கூப்பிட்டு நிறுத்திப் பாருங்கள்.